சாம்பலுக்குப் பக்கத்தில் எழுதுவது

கி.பி. 19ஆம் ஆண்டு ஒக்டோபரில் சிரியாவின் அந்தியோக்கியா நகரில் ஜெர்மானிக்கஸ் என்ற உரோம இளவரசன் இறந்தான். உடலை அங்கேயே எரித்தார்கள். மனைவி அக்ரிப்பினா சாம்பல் கலசத்தை எடுத்துக்கொண்டு, மாரிக்காலக் கடல் என்றும் பாராமல் கப்பலேறி, இத்தாலியின் பிரண்டீசியம் துறையில் வந்து இறங்கினாள். துறைமுகத்திலும் மதில்களிலும் வீட்டுக் கூரைகளிலும் சனம் நிறைந்து நின்றது. இரண்டு பிள்ளைகளோடு, கலசத்தைக் கையில் ஏந்தி, நிலத்தில் பதித்த பார்வையை எடுக்காமல் அவள் இறங்கியபோது உறவினரின் அழுகை எது, அயலாரின் அழுகை எது என்று பிரித்தறிய முடியாதபடி ஒரே ஓலமாக எழுந்தது என்று டாசிட்டஸ் என்னும் வரலாற்றாசிரியர் எழுதுகிறார். செத்தவீட்டுப் பந்தலில் நின்று பழகிய யாழ்ப்பாணத்தவருக்கு அந்த வரியை விளக்க வேண்டியதில்லை.

பிறகு அவளுக்கும் அதே கதிதான். பேரரசன் திபேரியசின் பகைக்கு ஆளாகி, பண்டத்தேரியா என்ற சிறிய தீவுக்கு நாடு கடத்தப்பட்டு, கி.பி. 33இல் அங்கேயே இறந்தாள். கி.பி. 37இல் அவளுடைய மகன் கலிகுலா ஆட்சிக்கு வந்தவுடன், கடல் கொந்தளித்துக் கொண்டிருந்த நேரத்தில் தானே அத்தீவுக்குப் போய், தாயின் சாம்பலைத் தன் கையாலேயே கலசத்தில் இட்டு உரோமுக்குக் கொண்டுவந்தான். கலிகுலாவைப் பற்றி நல்லதாகச் சொல்ல அதிகம் இல்லை. இந்த ஒன்றை மட்டும் சொல்லலாம். அந்தச் சாம்பலுக்காகச் செய்த பெரிய சலவைக்கற் பேழை இன்றும் உரோமின் கப்பிட்டோலின் நூதனசாலையில் இருக்கிறது. சாம்பல் அதில் இல்லை. மத்திய காலத்து உரோம நகரத்தார் அந்தக் கல்லைத் தானியம் அளக்கும் நியம அளவையாக வைத்திருந்தார்கள். அளவைக்குரிய பெயரையும் அதன் மேலேயே செதுக்கி, இளவரசியின் எலும்பு கிடந்த குழியில் கோதுமையைக் கொட்டி அளந்தார்கள்.

தப்பியது எழுத்து. "அக்ரிப்பினாவின் எலும்புகள்" என்று தொடங்கும் அந்தக் கல்வெட்டு அவள் மார்க்கஸ் அக்ரிப்பாவின் மகள், தெய்வமாகிவிட்ட அகஸ்டஸின் பேத்தி, ஜெர்மானிக்கஸின் மனைவி, பேரரசன் கலிகுலாவின் தாய் என்று அடுக்கிக்கொண்டு போகிறது. நம்முடைய பத்திரிகைகளில் வரும் மரண அறிவித்தல்களை வாசிப்பவர்களுக்கு இந்த நடை நன்றாகவே பழக்கம்: இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் பாசமிகு மனைவியும், இன்னாரின் அருமைத் தாயாரும். குளிர்கால மத்தியதரைக் கடலைக் கணவனின் சாம்பலோடு கடந்தவள் என்பது அந்தக் கல்லில் இல்லை.

இறந்தவரை எரிக்கும் முறையில் உரோமருக்கும் நமக்கும் இருக்கும் ஒற்றுமைகளை வாசித்தபோது சில இடங்களில் எனக்குத் திகைப்பாகவே இருந்தது. உரோமில் விறகடுக்குக்குத் தீ வைக்கும் உறவினர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டுதான் வைக்க வேண்டும். நம்மூரில் கொள்ளி வைப்பவரும் சிதையைப் பாராமல் திரும்பி நின்று வைத்துவிட்டு, திரும்பிப் பாராமலே நடக்கிறார். தீ ஆறிய பின் பெண்கள் கறுப்பு உடை உடுத்தி, எலும்புகளின் மேல் முதலில் வைனும் பிறகு பாலும் தெளித்து, மெல்லிய துணியால் ஈரம் ஒற்றி, சலவைக்கல் வீட்டில் வைப்பதை ஓர் இலத்தீன் கவிதை விவரிக்கிறது. நம்முடைய காடாற்றில் தண்ணீரும் பாலும் இளநீரும் தெளித்துத் தணலை ஆற்றி, காலில் தொடங்கித் தலைவரை எலும்பு பொறுக்கி, முட்டியில் இட்டு, வாயைத் துணியால் கட்டி, எரித்த இடத்தில் நவதானியம் தூவிவிட்டு வருகிறோம். இரண்டு சமூகங்களுக்கும் இடையில் கடன் வாங்கல் நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. கந்தரோடையில் உரோம நாணயங்கள் கிடைத்திருக்கின்றன என்பதற்காக, அவற்றோடு சடங்கும் கப்பலில் வந்து இறங்கியது என்று எழுதினால் அது வரலாறாகாது. வெந்த எலும்பைக் கையில் எடுக்க வேண்டிய நிலைக்கு வந்த மனிதர்கள் எங்கும் பாலைத்தான் தேடியிருக்கிறார்கள் போலும்.

அதற்கு மேல் இரண்டு வழிகளும் பிரிந்துவிடுகின்றன. நாம் முட்டியைக் கீரிமலைக்குக் கொண்டுபோய்க் கடலில் கரைத்துவிடுகிறோம். போர்க்காலத்தில் கீரிமலை உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டுக் கிடந்தபோது வேறு கரைகளைத் தேடிப் போனோமே தவிர, சாம்பலை வீட்டில் வைத்துக் காத்திருக்கலாம் என்று யாரும் நினைக்கவில்லை. உரோமர் கரைக்கவில்லை, வைத்துக்கொண்டார்கள். நகருக்குள் புதைக்கவோ எரிக்கவோ கூடாது என்று அவர்களுடைய பன்னிரண்டு பலகைச் சட்டம் விதித்திருந்ததால், ஊரை விட்டு வெளியேறும் பெருந்தெருக்களின் இருமருங்கும் கல்லறைகளால் நிறைந்தன. (குடிமனைகளுக்கு நடுவே சுடலை இருக்கலாமா என்று இங்கே இன்னும் வழக்காடிக்கொண்டிருக்கிறோம். சாதிக்கொரு சுடலை என்பதைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தப் பதிவு வேறு திசைக்குப் போய்விடும்.)

நாமும் ஒரு காலத்தில் தாழியில் வைத்தவர்கள்தாம். மன்னாருக்குத் தெற்கே பொம்பரிப்பிலும், தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரிலும் மண்ணுக்குள் வரிசையாக முதுமக்கள் தாழிகள் கிடைத்தன. புறநானூற்றின் 256ஆம் பாட்டில், கணவனை இழந்த பெண் குயவனைப் பார்த்து, ஈமத்தாழியைத் தனக்கும் சேர்த்து அகலமாக வனையச் சொல்கிறாள். இருவருக்கென்று இரண்டு குழிகள் குடைந்த சலவைக்கற் பேழைகள் உரோமில் உண்டு. அவளுடைய வேண்டுகோள் அங்கே கல்லில் நிறைவேறியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பேழைகளை லண்டனில் உள்ள பிரித்தானிய நூதனசாலையில் நேரில் பார்த்திருக்கிறேன். நான் எதிர்பார்த்ததைவிடச் சிறியவை. சில, நம் வீடுகளில் நகை வைக்கும் பெட்டகத்தின் அளவுதான் வரும். மூடி வீட்டுக் கூரைபோல இருபுறமும் சரிந்திருக்கும். முன் மூலைகளில் செம்மறிக் கடாவின் தலைகள், அவற்றின் கொம்புகளிலிருந்து தொங்கும் பழமாலை, மாலைக்குக் கீழே பழம் கொத்தும் சிறு குருவிகள். நடுவில் எழுத்துக்கென்று சட்டமிட்ட ஒரு பலகை. அதன் தலையில் பெரும்பாலும் இரண்டே எழுத்துகள்: "முன்னோராகிய தெய்வங்களுக்கு" என்பதன் சுருக்கம். அதன் கீழே பெயர், வயது, கல்லை வைத்தவர் யார் என்பது. சில பேழைகளில் அந்தப் பலகை வெறுமையாகவே இருக்கிறது. சிற்பக் கூடங்களில் அலங்காரத்தை முடித்து, பலகையை விட்டுவிட்டு, வாங்க வருபவர் சொல்லும் பெயரை வெட்டிக் கொடுப்பார்கள். நான் பார்த்த ஒரு பேழையின் பலகையில் பெயர் ஏறவே இல்லை. மற்றப் பேழைகளுக்கு முன்னால் வாசித்துக்கொண்டே நகர்ந்தவன் அதற்கு முன்னால் செய்வதறியாது நின்றேன். வேலைப்பாடு மற்றவற்றைவிடச் சிறப்பாகவே இருந்தது.

செல்வர்களுக்குத்தான் இந்தச் சலவைக்கல். திராயான் பேரரசனுக்குப் பொற்கலசமே கிடைத்தது. அவனுடைய வெற்றித்தூணின் அடியில் அதை வைத்தார்கள். அடிமைகளும், விடுதலை பெற்ற அடிமைகளும், கூலி வேலை செய்தவர்களும் நிலத்தடி மண்டபங்களுக்குப் போனார்கள். சுவர் முழுவதும் அடுக்கடுக்காக அரைவட்ட மாடங்கள். ஒவ்வொரு மாடத்தின் தளத்திலும் பெரும்பாலும் இரண்டு மட்பானைகளைக் கழுத்துவரை புதைத்து, மூடி மட்டும் தெரியும்படி விட்டிருப்பார்கள். மாடத்துக்குக் கீழே சிறிய கற்பலகையில் பெயர். 1726ஆம் ஆண்டு அப்பியன் பெருந்தெருவோரம் அப்படி ஒரு மண்டபம் வெளிப்பட்டது. அகஸ்டஸின் மனைவி லிவியாவின் வீட்டு வேலைக்காரர்களுக்கென்று கட்டியது. அங்கிருந்த பலகைகளில் பெயரோடு தொழிலும் இருக்கிறது. இவர் முத்துப் பதிப்பவர், இவர் பொற்கொல்லர், இவர் உடைகளுக்குப் பொறுப்பானவர், இவள் துணி தைப்பவள். தகப்பன் பெயர் சொல்லிக்கொள்ளச் சட்டப்படி உரிமையில்லாத மனிதர்கள், தங்களுக்கென்று சொல்லிக்கொள்ள இருந்த ஒன்றைப் பெயருக்குப் பக்கத்தில் வெட்டுவித்தார்கள். அக்ரிப்பினாவின் கல்லில் இல்லாதது அவளுடைய பாட்டனின் மனைவி வீட்டு அடிமையின் கல்லில் இருக்கிறது என்பதை வாசித்த நாளிலிருந்து இந்தப் பலகைகள் என்னை விடவில்லை.

மாடம் கிடைப்பதற்குப் பணம் வேண்டும். அதற்குச் சங்கங்கள் இருந்தன. உரோமுக்கு அருகிலுள்ள லனுவியம் என்ற ஊரின் ஒரு சங்கம் கி.பி. 136ஆம் ஆண்டுத் தன் யாப்பையே கல்லில் பொறித்து வைத்தது. சேர்வுக்கட்டணம் 100 செஸ்டெர்ஸ் நாணயமும் ஒரு சாடி நல்ல வைனும், மாதச் சந்தா ஐந்து செப்புக்காசு. அங்கத்தவர் இறந்தால் 300 செஸ்டெர்ஸ். அதில் 50ஐச் சுடலைக்கு வந்தவர்களுக்குப் பகிர்ந்து கொடுக்க வேண்டும். சந்தா கட்டாமல் விட்டவருக்கு ஒன்றும் இல்லை. நம் ஊர்களின் மரண சகாய சங்கக் கூட்டக் குறிப்பேட்டை இலத்தீனில் வாசிப்பதுபோல் இருந்தது எனக்கு. பந்தலும் கதிரையும் பற்றிய தீர்மானம் மட்டுந்தான் குறை.

சாப்பாடு விடயத்தில் உரோமர் நம்மைவிடக் குறைந்தவர்கள் அல்லர். ஒன்பதாம் நாள் சமாதியடியில் விருந்து. ஆண்டுதோறும் பெப்ரவரி 13 முதல் 21 வரை முன்னோருக்கான நாட்கள். கோயில்கள் பூட்டியிருக்கும், கலியாணம் இல்லை. மாலை சுற்றிய ஓட்டுத்துண்டு, கொஞ்சம் தானியம், உப்பு, வைனில் நனைத்த ரொட்டி, சில ஊதாப்பூக்கள் போதும், முன்னோர் சிறியதையே கேட்பார்கள் என்று ஓவிட் என்ற கவிஞர் சொல்கிறார். சில கல்லறைகளில் மேலிருந்து சாம்பல் கலசம் வரை ஒரு குழாய் இறங்குகிறது. அதன் வழியாக வைனோ பாலோ ஊற்றினார்கள். நம் எட்டாம் நாள் சடங்காகிய எட்டுச் செலவில் இறந்தவருக்கு விருப்பமான சாப்பாட்டையெல்லாம் படைப்பதும், சில வீடுகளில் பிள்ளையாருக்குத் தெரியாமல் என்று சிரித்துக்கொண்டே ஒரு சுருட்டையும் கொஞ்சம் கள்ளையும் ஓரமாக வைப்பதும் இதே நியாயத்தில்தான். முப்பத்தோராம் நாள் சடங்காகிய அந்தியேட்டிக்குப் பிறகு நாம் சைவச் சாப்பாட்டுக்கும் எள்ளும் தண்ணீருக்கும் மாறிவிடுகிறோம். உரோமர் கடைசிவரை குழாயை அடைக்கவில்லை.

எலும்பே வராமற் போனால் என்ன செய்வது? ஜேர்மனியின் சாண்டன் பகுதியில் கிடைத்து, இன்று அந்நாட்டின் பான் (Bonn) நகர நூதனசாலையில் இருக்கும் ஒரு கல்லில் மார்க்கஸ் கேலியஸ் என்ற நூற்றுவர் தலைவன், பதக்கங்கள் அணிந்த மார்போடு நிற்கிறான். கி.பி. 9ஆம் ஆண்டு, வாருஸ் தளபதியின் மூன்று படையணிகள் காட்டுக்குள் அழிந்த போரில் ஐம்பத்து மூன்றரை வயதில் மடிந்தவன். உடல் கிடைக்கவில்லை. தம்பியோ அண்ணனோ, சகோதரன் பப்ளியஸ் கல்லை நாட்டி, எலும்புகளை இங்கே வைக்கலாம் என்று ஒரு வரியும் சேர்த்தான். வைப்பதற்கு இடம் ஒதுக்கியிருக்கிறது, அவ்வளவுதான். காணாமல் ஆக்கப்பட்டவரின் படத்தைச் சாமியறையில் வைப்பதா, வரவேற்பறையில் வைப்பதா, மாலை போடலாமா கூடாதா என்று முடிவெடுக்க முடியாத வீடுகள் எங்கள் ஒழுங்கையிலேயே உண்டு. திதி தெரியாமல் திவசம் கொடுக்க முடியாது. திவசம் கொடுத்தால் நம்பிக்கையைக் கைவிட்டதாகிவிடும்.

இதற்கு நேரெதிரானதும் இங்கே இருக்கிறது. 2025ஆம் ஆண்டு செம்மணி சிந்துபாத்தி மயானத்தில் கட்டுமான வேலைக்கு வெட்டிய இடத்தில் எலும்புகள் தென்பட்டு, நீதிமன்ற மேற்பார்வையில் அகழ்வு தொடங்கியது. எலும்புக்கூடுகளோடு கிடைத்த உடுப்புகளையும் ஒரு புத்தகப் பையையும் பொம்மையையும் அடையாளம் காண்பதற்காகப் பொதுமக்களுக்குக் காட்டினார்கள். பெயர் ஏறாத பலகையைப் பார்த்து நான் லண்டனில் நின்றதெல்லாம் இதற்கு முன்னால் பொழுதுபோக்கு. ஆனைக்கோட்டையில் 1980களின் தொடக்கத்தில் அகழ்ந்த பெருங்கற்காலக் குழியில், இரண்டாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட எலும்புக்கூட்டோடு பிராமி எழுத்துப் பொறித்த வெண்கல முத்திரை ஒன்று கிடைத்தது. "கோவேத" என்று அதைப் பெரும்பாலும் வாசிக்கிறார்கள். அந்த மனிதருக்குப் பக்கத்தில் எழுத்து இருந்தது. அங்கிருந்து சில மைல் தொலைவில், நம் காலத்தில் புதைந்தவர்களுக்கு இல்லை.

சாம்பலைக் கரைத்துவிடும் நாம் வைத்துக்கொள்வது, இறந்தவரின் நினைவாகத் தாளில் அச்சிட்டுக் கொடுக்கும் "கல்வெட்டு" என்ற சிறு புத்தகத்தைத்தான். எங்கள் வீட்டு அலுமாரியில் பழையவை ஒரு கட்டு இருக்கின்றன. கம்பி துருப்பிடித்து நடுத்தாளில் மண்ணிறக் கறை. முகப்பில் நீள்வட்டத்துக்குள் படம், இருபுறமும் குத்துவிளக்கு. உள்ளே பிள்ளையார் காப்பு, பிறகு திதி வெண்பா. ஆண்டு, மாதம், பக்கம், திதி நான்கையும் நான்கடிக்குள் அடக்கும் அந்த வெண்பா கவிதையாகப் பெரும்பாலும் தேறாது. ஆனால் பஞ்சாங்கம் தொலைந்தாலும் பேரப்பிள்ளை திவச நாளைக் கண்டுபிடிக்கலாம். அதற்குப் பின் வாழ்க்கை வரலாறு, தேவாரத் திருமுறை, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று ஊர்ப் புலவர் தனித்தனியே கட்டிக்கொடுத்த பாக்கள், வம்சாவளி மரம், கடைசியில் நன்றி நவிலல். நூலகம் இணையத்தளம் இவற்றைப் பெருமளவில் மின்வருடி வைத்திருப்பது பெரிய காரியம். யாழ்ப்பாணத்தின் சாதாரண மனிதர்களைப் பற்றி வேறெங்கும் எழுதப்படாத செய்திகள் இவற்றில்தான் கிடக்கின்றன. இப்போது வழவழப்பான தாளில், வர்ணப் படங்களோடு, தடிப்பாக வருகிறது. வரலாறு மெலிந்துவிட்டது. அரசாங்க உத்தியோகம் பார்த்த ஆண் என்றால் இடமாற்றம் பெற்ற ஊர்களாவது ஒழுங்காக வரும். பெண் என்றால் பிறந்தார், வாழ்க்கைப்பட்டார், இல்லறத்தை நல்லறமாக நடத்தினார், இறைவனடி சேர்ந்தார்.

உரோமப் பெண்களுக்கும் பெரும்பாலும் அவ்வளவுதான் கிடைத்தது. கிளோடியா என்பவளுக்குக் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் எழுதிய புகழ்பெற்ற வரிகள், அவள் கணவனை நேசித்ததையும், இரண்டு ஆண்மக்களில் ஒருவனை மண்ணுக்கு மேலும் மற்றவனை மண்ணுக்குக் கீழும் விட்டுப் போனதையும், இனிய பேச்சையும் நடையையும் சொல்லிவிட்டு, வீட்டைக் காத்தாள், கம்பளி நூற்றாள் என்று முடிகின்றன. வழிப்போக்கனை, சொல்லிவிட்டேன், போய் வா என்று அனுப்பிவிடுகின்றன. ஆனாலும் நூற்றாள் என்ற ஒரு தொழிற்சொல் அங்கே நிற்கிறது. உரோமின் போர்த்தா மஜ்ஜோரே வாசலருகே, 1838இல் பிற்காலக் கட்டடங்களை இடித்தபோது வெளிப்பட்ட யூரிசசிஸ் என்ற வெதுப்பகக்காரனின் சமாதி இன்னும் ஒரு படி மேலே போகிறது. மா அரைப்பது, பிசைவது, அடுப்பில் வைப்பது, நிறுப்பது எல்லாம் உச்சியைச் சுற்றிச் செதுக்கியிருக்கின்றன. மனைவி அத்திஸ்தியாவைப் பற்றிய கல்லில், மிக நல்ல பெண், அவளுடைய உடலில் எஞ்சியவை இந்த ரொட்டிக் கூடையில் இருக்கின்றன என்று எழுதியிருக்கிறான். நாகரிகமான உரோமர்கள் அதைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். எனக்கு அந்தச் சமாதியைத்தான் பிடித்திருக்கிறது.

இதையெல்லாம் நான் வாசித்துக்கொண்டிருந்ததற்குக் காரணம், பெரியம்மாவின் கல்வெட்டுக்கு வரலாறு எழுதும் பொறுப்பு என்னிடம் வந்ததுதான். பெரியம்மா தையல் தைத்தவர். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைகளில் பாதி அவர் கையால் தைத்தவை. வளருகிற பிள்ளை என்றால் கீழ் மடிப்பில் மூன்று விரல் அகலத்துக்குத் துணி விட்டுத் தைப்பார். அடுத்த வருடம் தாய்மார் அந்த மடிப்பை அவிழ்த்துவிட்டால் போதும். பொருளாதாரத் தடைக் காலத்தில் பழைய சேலைகளைப் பிரித்துப் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்தார். அறுந்த நூலையும் முடிச்சுப் போட்டுச் சுற்றி வைப்பார். பெரியப்பா போன பிறகு மூன்று பிள்ளைகளையும் ஆளாக்கியது அந்த இயந்திரம். இதைத்தான் ஒரு பந்தியாக எழுதி, கனடாவில் இருக்கும் பெரியண்ணாவுக்கு அனுப்பினேன்.

"தைச்சுப் பிழைச்சவ எண்டு நாலு பேர் வாசிக்கிற புத்தகத்தில போடுறதோ?" என்று தொலைபேசியில் கேட்டார். கோபமில்லை, கூச்சம். வேண்டுமானால் "தையற்கலை ஆசிரியை" என்று போடலாம், இரண்டொரு பெட்டையள் வந்து பழகினவையள்தானே என்றார். லிவியாவின் வீட்டுத் தையற்காரியைப் பற்றிச் சொன்னேன். அண்ணா சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவ அடிமையெல்லோ, அம்மா அப்பிடியே?" என்றார். அதற்கு நான் சொல்ல நினைத்த பதில் நீளமானது. சின்னக்கா இடையில் வாங்கி, "அம்மா தைச்ச காசிலதான் நீங்கள் படிச்சனீங்கள், அப்பிடியே இருக்கட்டும்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்.

மூன்றாம் பக்கத்தில் அந்தப் பந்தி அப்படியே அச்சாகியிருக்கிறது. கீழ் மடிப்பு உட்பட. தையல் இயந்திரத்தோடு அவர் இருக்கும் படம் ஒன்று தேடினோம், கிடைக்கவில்லை. சேலை மடிப்புக் கலையாமல் நிற்கும் கலியாண வீட்டுப் படந்தான் போட்டோம். ஒரு சட்டைக்கு என்ன கூலி வாங்கினார் என்பதையும் எழுதியிருந்தேன். அதை மட்டும் எடுத்துவிடச் சொல்லி அண்ணா கேட்டார், எடுத்துவிட்டேன்.